பின்னால் வருபவருக்கு ஒரு சேதி

1910இல் அமெரிக்காவில் ஒரு சாவுச் செய்தி பரவியது. திரையில் பார்த்து ஊரே மயங்கிக்கிடந்த ஒரு நடிகை, டிராம் வண்டி மோதி இறந்துவிட்டாராம். கொஞ்ச நாளில் பத்திரிகையில் ஒரு விளம்பரம் வந்தது: செய்தி பொய், நடிகை உயிரோடு இருக்கிறார், இனி எங்கள் கம்பெனிப் படங்களில் நடிப்பார். விளம்பரம் கொடுத்தவர் கார்ல் லெம்லி, பின்னாளில் யுனிவர்சல் ஸ்டூடியோவை உருவாக்கியவர். வதந்தியைக் கிளப்பிவிட்டதும் அவர்தான் என்று நம்புகிறவர்கள் உண்டு. நடிகர்களின் பெயரைப் படத்தில் போடும் வழக்கம் அதுவரை இல்லை. அந்த ஒரு வதந்தியால் ஃபுளோரன்ஸ் லாரன்ஸ் என்ற பெயர் நாடெங்கும் தெரிந்தது. புகழ் வந்தது, பணம் வந்தது, காரும் வந்தது. அந்தக் கார்தான் அவரை வேறொரு கதைக்குள் இழுத்துவிட்டது.

பெண்கள் கார் ஓட்டுவதே அபூர்வமாக இருந்த காலத்தில் லாரன்ஸ் தானே ஓட்டினார், பழுதும் பார்த்தார். முன்னால் போகிற வண்டி எப்போது நிற்கும் என்று பின்னால் வருகிறவருக்குத் தெரிய அன்றைக்குச் சரியான வழி இல்லை. 1914 வாக்கில் அவர் தன் காருக்கென்று இரண்டு சாதனங்களை உருவாக்கினார். ஒன்று, பொத்தானை அழுத்தினால் நீண்டு, திரும்பப்போகும் பக்கத்தைக் காட்டும் கை. மற்றொன்று, பிரேக்கை மிதித்த உடனே காரின் பின்னால் எழுந்து நிற்கும் ஒரு பலகை. அதில் ‘ஸ்டாப்’ என்று எழுதியிருந்தது. இரண்டுக்கும் அவர் காப்புரிமை வாங்கவில்லை. அவருடைய தாய் சார்லட் பிரிட்ஜ்வுட் 1917இல் மின்சார வைப்பருக்குக் காப்புரிமை வாங்கினார்; அதிலும் குடும்பத்துக்குக் காசு பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. கார் கம்பெனிகள் தங்கள் போக்கில் பிரேக் சிக்னல்களைப் பொருத்தத் தொடங்கின. வாய்ப்புகள் வற்றிப்போன லாரன்ஸ் 1938 டிசம்பரில் தற்கொலை செய்துகொண்டார். அவர் கல்லறைக்கு ஒரு பெயர்க்கல் நட 1991வரை ஆனது. ஆனால் பிரேக்கை மிதித்தால் பின்னால் சேதி போக வேண்டும் என்ற அவர் யோசனை, சொந்தக்காரர் இல்லாமலே உலகம் சுற்றப் புறப்பட்டுவிட்டது.

பலகை போய் பல்ப் வந்தது. பிரேக் பெடலோடு ஒரு சுவிட்ச், அதிலிருந்து பின்பக்கத்துக்கு ஒரு வயர், அவ்வளவுதான். நம் ஊரில் அந்த பல்பை நம்பியவர்கள் குறைவு. கைதான் பேசியது. ஜன்னலுக்கு வெளியே வலது கையை நீட்டி, உள்ளங்கை கீழே பார்க்க, மேலும் கீழும் அசைத்தால் வேகம் குறைகிறது. முன்கையைச் செங்குத்தாகத் தூக்கினால் வண்டி நிற்கிறது. 1989இல் வந்த சாலை விதிமுறைகள்கூட இந்தக் கைச்சைகைகளை வரி விடாமல் எழுதிவைத்தன. அம்பாசடர், பியட் காலத்தில் பின்பக்கம் இரண்டு மூலைகளிலும் சிவப்பு விளக்குகள் வந்து உட்கார்ந்தன. எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அந்த விளக்குக்குள்ளேயே ஒரு சிக்கல் ஒளிந்திருந்தது.

பெரும்பாலான கார்களில் ஒரே பல்புக்குள் இரண்டு இழைகள் இருந்தன. 5 வாட் இழை இரவெல்லாம் எரிந்து ‘இங்கே ஒரு வண்டி இருக்கிறது’ என்றது. 21 வாட் இழை பிரேக்கை மிதிக்கும்போது எரிந்து ‘வண்டி நிற்கப்போகிறது’ என்றது. ஒரே இடம், ஒரே நிறம். பிரகாசம் ஒன்றுதான் வித்தியாசம். கண்ணாடி மேல் தூசி படிந்தாலோ, ஒரு பக்க பல்ப் போயிருந்தாலோ, பின்னால் வருகிறவருக்கு இரண்டு சேதிகளும் குழம்பிப்போயின. தூரத்தில் எரிவது சாதாரண பின்விளக்கா, பிரேக் விளக்கா என்று கண் யோசிக்கிற அரை நொடியில் பம்பர் நசுங்கியது. நெடுங்காலம் இதை ஒரு பெரிய குறையாகப் பலரும் எண்ணவில்லை. அதற்குள், காருக்குச் சம்பந்தமே இல்லாத ஓர் ஆய்வுக்கூடத்தில் ஒரு சிவப்புப் பொட்டு எரிந்தது.

1962 அக்டோபரில், அமெரிக்காவின் சிரக்யூஸ் நகரில் இருந்த ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வுக்கூடத்தில் நிக் ஹோலோன்யாக், கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தரும் எல்.இ.டி.யைச் செய்துகாட்டினார். மற்றவர்கள் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது அவர் கையில் கிடைத்தது சிவப்பு. மிகச் சின்ன வெளிச்சம், மிகப் பெரிய விலை. அது கணக்கிடும் கருவிகளின் எண்களாகப் போய் ஒளிர்ந்தது. தனக்காகவே காத்திருந்த இடம் அதன் கண்ணில் படவே இல்லை.

பின் கண்ணாடியருகே இருந்த அந்த இடத்தைக் கார் கம்பெனிகள் தொட்டுவிட்டு விலகிப்போனதுதான் எனக்கு ஆச்சரியம். 1960களின் கடைசியில் ஃபோர்டு தண்டர்பேர்டில், கூடுதல் காசு கொடுத்தால் உயரத்தில் பிரேக் விளக்கு கிடைத்தது. 1971 ஓல்ட்ஸ்மொபில் டொரொனாடோவில் பின் கண்ணாடிக்குக் கீழே இரண்டு விளக்குகள் வந்தன. வாங்கியவர்கள் அதைச் சொகுசு வண்டியின் ஒப்பனையாகப் பார்த்தார்கள். அதில் உயிர் காக்கும் விஷயம் இருக்கிறது என்று நிரூபிக்க, வாடகை டாக்சிகளைத் தேடி ஒருவர் வரவேண்டியிருந்தது.

ஜான் வோவோட்ஸ்கி ஓர் உளவியலாளர். பின்னால் ஓட்டிவருகிறவரின் மனத்தைத்தான் அவர் ஆராய்ந்தார். பிரேக் விளக்கு ‘பிரேக் பிடித்தார்’ என்று மட்டுமே சொன்னது. எவ்வளவு பலமாகப் பிடித்தார் என்பதைச் சொல்லவில்லை. மெதுவாகத் தொட்டாலும் அதே சிவப்பு, மிதித்து அமுக்கினாலும் அதே சிவப்பு. அதனால் அவர் மஞ்சள் நிறத்தில் தனியாக ஒரு விளக்கைச் செய்தார். வண்டி எவ்வளவு வேகமாக வேகத்தை இழக்கிறதோ, அவ்வளவு வேகமாக அது மினுக்கும். அதற்கு ‘சைபர்லைட்’ என்று பெயர் வைத்து, மேடும் பள்ளமுமான சான்ஃபிரான்சிஸ்கோவில் 343 டாக்சிகளின் பின்பக்க நடுவில் பொருத்தினார். விளக்கில்லாத 160 டாக்சிகளை ஒப்பிடுவதற்காக வைத்துக்கொண்டார். எந்த வண்டியை ஓட்டுவது என்பது ஓட்டுநர் கையில் இல்லை. நிறுவனத்தில் யாருக்கு எது வந்ததோ அதுதான். அதனால், நல்ல ஓட்டுநர்கள் விளக்கு வைத்த வண்டிகளைப் பார்த்து எடுத்துக்கொண்டார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. அப்படியே பத்து மாதம் வண்டிகளை ஓடவிட்டார்.

கணக்கைக் கூட்டியபோது அவரே நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். விளக்கு இல்லாத டாக்சிகள் பத்து லட்சம் மைலுக்கு 8.91 முறை பின்னாலிருந்து இடி வாங்கியிருந்தன. விளக்கு வைத்தவை 3.51 முறை மட்டுமே. 60.6 சதவீதம் குறைவு. ஓட்டுநர்களுக்கு ஏற்பட்ட காயமும், ஒர்க்‌ஷாப் செலவும் ஏறக்குறைய அதே அளவு குறைந்திருந்தன. 1974இல் அவர் இதை வெளியிட்டார். காரில் பிறகு வைத்த ஒற்றை விளக்கு இப்படி ஒரு எண்ணைத் தருமா? அமெரிக்க அரசாங்கம் நம்பத் தயாராக இல்லை.

அதனால் அரசாங்கம் தானே சோதித்துப் பார்த்தது. வாஷிங்டன் டாக்சிகளில் ஒரு பிரிவுக்கு உயரத்தில் நடுவே ஒரு விளக்கு, இன்னொன்றுக்கு உயரத்தில் இரண்டு விளக்கு, மற்றொன்றில் பின்விளக்கையும் பிரேக் விளக்கையும் தனித்தனியே பிரித்து வைத்தது. ஜெயித்தது, நடுவில் உயரத்தில் ஒற்றை விளக்கு. பிரேக் பிடிக்காதபோது அது எரிவதே இல்லை, ஆகவே குழப்பமும் இல்லை. முன்னால் போகிற காரின் கண்ணாடிகள் வழியே, அதற்கும் முன்னால் உள்ள காரின் விளக்கைக்கூடப் பார்க்க முடிந்தது. ஆனால் வோவோட்ஸ்கியின் மஞ்சள் போய்விட்டது, மினுக்கும் போய்விட்டது. நின்று எரியும் சிவப்பே போதும் என்று முடிவானது. அதற்குள் நேரம் தப்பிவிட்டது. 1981இல் கட்டுப்பாடுகளைக் குறைக்கிற ரீகன் அரசு வந்து உட்கார்ந்தது.

விளக்கு அலமாரியிலேயே கிடந்திருக்கும். ஆனால் 1983 பிப்ரவரியில் போக்குவரத்துச் செயலராக எலிசபெத் டோல் பொறுப்பேற்றார். அதே ஆண்டு அக்டோபரில் விதி வெளியானது. ஒரு காருக்கு ஆகும் செலவு சில டாலர்கள்தான். 1985 செப்டம்பர் 1 முதல் அமெரிக்க விற்பனைக்காகத் தயாராகும் ஒவ்வொரு காரின் பின் கண்ணாடியருகிலும், நடுவே, ஒரு சிவப்பு விளக்கு இருந்தாக வேண்டும் என்றது அந்த விதி. அதைச் சிலர் ‘டோல் லைட்’ என்றே அழைத்தார்கள். இன்றைக்கு உலகெங்கும் கார்களின் பின்னால் எரியும் மூன்றாவது பிரேக் விளக்கு பிறந்தது இப்படித்தான். ஆனால் எதிர்பார்த்த அறுபது சதவீதம் கிடைக்கவில்லை.

முதல் வருடங்களில் புதுமை கண்ணை இழுத்தது, மோதல் குறைந்தது. எல்லாக் காரிலும் வந்ததும் கண் பழகிவிட்டது. 1998இல் அமெரிக்க அரசு ஆய்வில் நிலையான பலன் 4.3 சதவீதம் என்று தெரிந்தது. சின்ன எண்தான். எல்லா வண்டிகளிலும் இருக்கும்போது ஆண்டுக்குச் சுமார் இரண்டு லட்சம் மோதல்களைத் தடுக்கும் என்று அதே ஆய்வு கணக்கிட்டது. அதற்குள் ஹோலோன்யாக்கின் சிவப்புப் பொட்டு, மறந்துபோன ஊரிலிருந்து திரும்பி வந்தது.

பல்பின் இழை சூடேறித்தான் ஒளிர வேண்டும். முழு வெளிச்சத்துக்கு ஏறத்தாழ 0.2 நொடி ஆகும். எல்.இ.டி. மின்சாரம் தொட்ட மறுகணமே எரியும். 100 கி.மீ. வேகத்தில் வரும் காருக்கு அந்த 0.2 நொடி ஐந்தரை மீட்டர், ஒரு காரின் நீளத்துக்கும் மேலே. உயரத்தில் வைக்கும் ஒற்றை விளக்குக்குச் சிவப்பு எல்.இ.டி. முதலில் வந்தது, 2000இல் காடிலாக் டிவில்லின் பின்விளக்கு முழுவதுமே அதற்கு மாறியது. வெகுசீக்கிரம் விலை இறங்கி, சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளின் தட்டுகளில் அந்த விளக்குகள் வரிசையாக உட்கார்ந்தன. அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை (ஈ.சி.ஆர்.) பிடித்து அவை தெற்கே போன இடத்தில்தான் உப்பு காத்திருந்தது.

அந்தச் சாலையில் உள்ள நெம்மேலியில் 2013இல் திறந்த ஆலை, கடல்நீரிலிருந்து உப்பைப் பிரித்துத் தினம் 10 கோடி லிட்டர் குடிநீர் தந்தது. அதே உப்பைக் காற்று கொண்டுவந்து ஈ.சி.ஆரின் ஓரம் நிறுத்திய வண்டிகளுக்குள் திணித்தது. பல்ப் ஹோல்டரின் பித்தளையில் பச்சை பூத்தது. எர்த் வயர் பாடியைத் தொடும் திருகு துருவேறியது. அப்புறம் விசித்திரங்கள் நடந்தன: பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் மங்கலாக எரியும், பின்விளக்கைப் போட்டால் பிரேக் விளக்கும் சேர்ந்து பாதி எரியும். எர்த் கிடைக்காத மின்சாரம், பக்கத்து இழை வழியே வீடு திரும்பப் பார்ப்பதால் வரும் கோளாறு அது. மெக்கானிக்குகள் உப்புத்தாளால் திருகைத் தேய்த்தார்கள், கப்ளரைத் துடைத்தார்கள். சில மாதத்தில் திரும்பவும் வந்தது. அப்போதுதான் புது யோசனை பிறந்தது: பழைய விளக்கையே எடுத்துவிட்டு, சொந்தமாக ஒன்று செய்து வைத்தால் என்ன?

விளக்கின் கண்ணாடியை ஹீட் கன்னால் சூடேற்றிப் பிரித்தார்கள். உள்ளே சின்ன போர்டில் சிவப்பு எல்.இ.டி.க்களை மூன்று மூன்றாகச் சேர்த்தார்கள். ஒவ்வொன்றும் சுமார் 2 வோல்ட் தின்னும், மூன்றுக்கு 6. மீதத்தை ரெசிஸ்டர் வாங்கிக்கொள்ளும். பேட்டரி 12 வோல்ட்தானே என்று 300 ஓம் போட்டவர்கள் ஏமாந்தார்கள். என்ஜின் ஓடும்போது 14 வோல்ட்டுக்கு மேல் ஏறும். 20 மில்லி ஆம்பியருக்குச் செய்த எல்.இ.டி. 28 குடித்து, சீக்கிரமே கருகும். 470 ஓம் போட்டவர்களின் விளக்கு நின்றது. சிவப்புக் கண்ணாடிக்குள் வெள்ளை எல்.இ.டி. வைத்தவர்களுக்கும் ஏமாற்றம்தான், சிவப்புக் கண்ணாடி வெள்ளை வெளிச்சத்தில் பெரும்பகுதியை விழுங்கிவிட்டது. கடைசியில் சீலன்ட் பூசி மூடினார்கள், உப்பு நுழையாமல். நன்றாகச் செய்த விளக்கு, தொழிற்சாலை விளக்குக்கு வெட்கப்பட வேண்டியதில்லை. ஆனால் எல்லோரும் அத்தோடு நிற்கவில்லை.

கண்ணாடிக்குக் கறுப்பு ஸ்மோக் ஃபிலிம் ஒட்டினார்கள். பம்பரில் எப்போதும் எரியும் சிவப்பு எல்.இ.டி. பொருத்தினார்கள். பின்விளக்கும் பிரேக் விளக்கும் ஒரே பிரகாசம் ஆயின. 5 வாட்டுக்கும் 21 வாட்டுக்கும் இருந்த அந்த ஒரே வித்தியாசமும் போயிற்று. சட்டம் விழித்துக்கொண்டது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் தந்த அமைப்பை மாற்றக் கூடாது என்று ஏற்கெனவே சொன்னது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டுத் திருத்தம், மாற்றம் செய்த உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்றது. நல்ல விளக்கையும் மோசமான விளக்கையும் அந்தப் பிரிவு ஒரே தராசில் நிறுத்தியது. எனக்கு இதில் ஒரு வருத்தம் உண்டு. லாரன்ஸின் பலகையும், வோவோட்ஸ்கியின் சைபர்லைட்டும், யாரோ ஒருவர் வண்டியில் பின்னால் சேர்த்த சாமான்கள்தான்.

அந்த மஞ்சள் விளக்கின் கதை அதோடு முடியவில்லை. வாஷிங்டனில் கைவிட்ட மினுக்கு, சொகுசு கார்களில் 2000களின் நடுவில் திரும்பி வந்தது. ஐ.நா. வாகன விதியும் அதற்கு இடம் கொடுத்தது: 50 கி.மீ.க்கு மேலான வேகத்தில் கார் ஒவ்வொரு நொடியிலும் தன் வேகத்தில் நொடிக்கு 6 மீட்டரோ அதற்கு மேலோ இழந்தால், விளக்குகள் நொடிக்கு நான்கு முறை மினுக்கலாம். இப்போது இந்தியாவில் விற்கும் சில கார்களிலும் அது உண்டு. நெம்மேலியில் சனிக்கிழமை மாலை மாமல்லபுரத்தை நோக்கி நீளும் வரிசையில் அந்தக் கார்களும் போகின்றன. அவற்றின் பக்கத்திலேயே, கடையில் வாங்கிய ஃப்ளாஷர் சர்க்யூட் மாட்டி, பெடலைத் தொட்டாலே மினுக்கும் கார்களும் போகின்றன. முன்னது மினுக்கினால் ஆபத்து. பின்னது மினுக்கினால் ஆபத்தா, சாதாரண பிரேக்கா என்று பின்னால் வருகிறவருக்குத் தெரியாது. வோவோட்ஸ்கி 343 டாக்சிகளில் தீர்க்கப் புறப்பட்டதே இந்தக் குழப்பத்தைத்தான்.