ஸ்ரீரங்கத்திலிருந்து கல்லணைக்கு சைக்கிளில்

திருவானைக்காவல், திருவளர்சோலை, உத்தமர்சீலி, கிளிக்கூடு. கல்லணைக்கு சைக்கிள்ல போறவங்களுக்கு இதுதான் நல்ல வழி. வலப்பக்கம் காவிரி, இடப்பக்கம் வாழைத் தோட்டம், அதுக்கப்பால் கொள்ளிடம். மூச்சு வாங்க ஒரு மேடு கிடையாது.

ஆனா இது சமதளம் இல்லைங்க. கொள்ளிடத்தின் படுகை காவிரியைவிடத் தாழ்வு. பெருவெள்ளம் வந்தா, உத்தமர்சீலி தரைப்பாலத்துல காவிரித் தண்ணி ரோட்டைத் தாண்டி, வாழைக்குள்ள புகுந்து கொள்ளிடத்துக்கு ஓடும்.

டெல்டா விவசாயத்தின் வரலாறே இந்தத் தாழ்வுதான். கரிகாலன் கட்டியதாகச் சொல்லும் கல்லணை, தண்ணீர் கொள்ளிடத்தில் நழுவாமல் வயல்பக்கம் திருப்ப எழுந்தது. பிற்காலத்தில் மேலே முக்கொம்பிலேயே பெரும்பங்கு கொள்ளிடத்தில் போயிற்று. காவிரி மணல் மேவி, தஞ்சாவூர் வயல்கள் தவித்தன. 1836-ல் ஆர்தர் காட்டன் அங்கே கொள்ளிடத்தின் குறுக்கே அணை கட்டினார். மணல்மேல் அஸ்திவாரம் போடும் வித்தையை இந்நாட்டுப் பழையவர்களிடம் கற்றதாக அவரே எழுதியிருக்கிறார். அந்தப் பழையவர்கள் பேர்தான் யாருக்கும் தெரியலை.

அந்த அணையிலும் 2018 ஆகஸ்ட் 22 ராத்திரி 9 மதகுகள் அடிச்சுக்கிட்டுப் போச்சு. மணல் மூட்டை அடுக்கித்தான் தண்ணியை மறிச்சாங்க.

கல்லணை வந்ததும் சைக்கிளை விட்டு இறங்கிப் பாலத்துல தள்ளிக்கிட்டே போங்க. ஊர் பார்க்க வந்தவங்க கரிகாலன் சிலைகிட்ட நிப்பாங்க. நான் முதல்ல பார்க்கறது, காவிரி, வெண்ணாறு மதகு திறந்திருக்கான்னுதான்.