மரதன் தெரியும், கன்னொறுவ தெரியுமா?

எமது பிள்ளைகளிடம் மரதன் என்றால் என்னவென்று கேட்டுப் பாருங்கள். இல்ல விளையாட்டுப் போட்டியில் ஓடும் நீண்ட ஓட்டம் என்பார்கள். கொஞ்சம் வாசிக்கிற பிள்ளையாக இருந்தால், கி.மு. 490இல் ஏதென்ஸ் நகரத்தார் பாரசீகப் படையைத் தோற்கடித்த இடத்தின் பெயர் அது என்றும் சொல்லும். அந்தப் போரில் இறந்த 192 ஏதென்ஸ் வீரர்களை அடக்கிய மண்மேடு இன்றும் கிரேக்கத்தில் இருக்கிறது. பல நாட்டவரும் தேடிப்போய்ப் பார்க்கிறார்கள்.

நாம் பார்க்க வேண்டிய போர்க்களத்துக்கு விமானம் ஏறத் தேவையில்லை. பேராதனைப் பூங்காவின் ஆற்றோரத்தில் நின்று மகாவலியின் அக்கரையைப் பார்த்தால் போதும். அதுதான் கன்னொறுவ. விவசாயத் திணைக்களத்துக்கு அலுவலாகவும், மரக்கன்று வாங்கவும் எம்மில் பலர் போய் வருகிற இடம். 1638 மார்ச் 28இல் போர்த்துக்கேயரின் ஒரு முழுப் படையே அங்கு அழிந்தது.

சண்டைக்கு உடனடிக் காரணம் ஒரு யானை. மன்னன் இரண்டாம் இராஜசிங்கன் ஒரு போர்த்துக்கேய வணிகனுக்கு யானை ஒன்றைப் பரிசளித்தான். கொழும்பிலிருந்த போர்த்துக்கேயத் தளபதி தியோகு த மெலோ அதைப் பறித்துக்கொண்டான். பதிலுக்கு மன்னன், தளபதி விற்பனைக்கு அனுப்பிய இரண்டு குதிரைகளைத் தடுத்து வைத்தான். ஆனால் யானையும் குதிரையும் வெறும் சாட்டுத்தான். கண்டியைப் பிடிக்கும் ஆசை போர்த்துக்கேயருக்கு நெடுநாளாகவே இருந்தது.

படை மலையேறி வந்தபோது தலைநகர் ஏறக்குறைய வெறுமையாகக் கிடந்தது. மன்னன் மக்களோடு விலகிப் போயிருந்தான். நகரைக் கொள்ளையிட்டு எரித்துவிட்டுத் திரும்பும் வழியில்தான் பொறி மூடியது. மரங்களை வெட்டிச் சாய்த்துப் பாதைகள் அடைக்கப்பட்டிருந்தன. உணவு வரும் வழியும் இல்லை, கொழும்புக்குத் திரும்பும் வழியும் இல்லை. சமாதானம் கேட்டு அனுப்பிய தூதுக்கும் பதில் வரவில்லை. பதிலாக ஓர் அறிவிப்புத்தான் வந்தது: நாளை மன்னர் தாக்கப் போகிறார், போர்த்துக்கேயர் முகாமில் இருக்கும் சிங்களவர் விலகி வந்துவிடட்டும்.

இந்த இடத்தில் சற்று நிற்போம். போர்த்துக்கேயப் படை என்கிறோம். ஆனால் அதில் பெருந்தொகையானவர்கள் லஸ்கரின்கள் எனப்பட்ட உள்ளூர்ப் படையாட்கள். அன்றிரவு அவர்களில் பலர் பிரிந்து வந்தார்கள். மறுநாள் தளபதி தியோகு த மெலோ கொல்லப்பட்டான். உயிரோடு எஞ்சிய போர்த்துக்கேயர் 33 பேர் என்று வரலாற்று நூல்கள் குறிக்கின்றன. அந்நியனின் பலம் பாதிக்கு மேல் எம் மண்ணின் ஆட்களிடமே இருந்தது. அவர்கள் தோளை விலக்கியதும் அவன் சரிந்தான்.

இதில் எமக்கென்ன என்று சிலர் கேட்கலாம். போருக்கு 12 வருடம் முந்திப் போவோம். 1626இல் போர்த்துக்கேயர் தமது ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். தலைமுறை தலைமுறையாகக் கரையோரத்தில் வியாபாரம் செய்து வாழ்ந்தவர்கள் வீடு வாசலை விட்டுப் புறப்பட்டார்கள். அவர்களுக்கு இடம் கொடுத்தவர் கண்டி மன்னர் செனரத், இந்த இராஜசிங்கனின் தந்தை. மட்டக்களப்புப் பக்கம் மட்டும் சுமார் 4000 பேர் குடியேற்றப்பட்டார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. கண்டி இராச்சியத்துக் கிராமங்களில் தங்கியவர்கள் தவலம் மாடுகளில் பொதி ஏற்றி, உப்பும் கருவாடும் மலைக்கும், பாக்கு கரைக்குமாகக் கொண்டு போனார்கள். அந்த வெளியேற்றம் நடந்தபோது தளபதியாக இருந்த கொன்ஸ்தந்தீனு த சா 1630இல் ரந்தெனிவெலப் போரில் உயிரிழந்தான். அங்கும் முடிவைத் தீர்மானித்தது லஸ்கரின்கள் அணி மாறியதுதான்.

ஆகவே கன்னொறுவயில் காக்கப்பட்டது மன்னனின் முடி மட்டுமல்ல. எம் முன்னோருக்குக் கிடைத்த அடைக்கலமும்தான். கண்டி அன்று வீழ்ந்திருந்தால், கரையிலிருந்து விரட்டப்பட்டவர்களுக்கு மலையிலும் இடம் இருந்திருக்காது. இந்த ஊர்களில் எமக்கு என்ன உரித்து என்று எவரும் கேட்டால் சத்தம் போடத் தேவையில்லை. இந்த வரலாற்றை அமைதியாக, ஆண்டோடு எடுத்துச் சொல்ல எம் பிள்ளைக்குத் தெரிந்திருந்தால் போதும்.

வெற்றியின் மறுபக்கத்தையும் மறைக்காமல் சொல்லிக் கொடுப்போம். இரண்டு மாதம் கழியுமுன், 1638 மே மாதத்தில், மன்னன் ஒல்லாந்தரோடு ஒப்பந்தம் செய்தான். போர்த்துக்கேயரை விரட்ட வந்த ஒல்லாந்தர் பிடித்த கோட்டைகளில் தாமே இருந்துவிட்டார்கள். இஞ்சியைக் கொடுத்து மிளகாய் வாங்கிய கதை என்று இன்றும் சொல்கிறோமே, அதுதான்.

மரதனில் இறந்த ஏதென்ஸ் வீரர்களின் பெயர்களைக் கல்லில் வெட்டி வைத்தார்கள். அன்றிரவு பிரிந்து வந்த லஸ்கரின்களுக்கு அப்படி ஒரு கல் இல்லை. தவலம் ஓட்டிய எம் மூத்த வாப்பாமாருக்கும் இல்லை. அவர்களை நினைவில் வைத்திருக்க வேண்டியவர்கள் நாம்தான்.

அடுத்த விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பூங்காவுக்குப் போகிறவர்கள், பூக்களைக் காட்டிய பிறகு ஆற்றோரத்துக்கும் கூட்டிப்போங்கள். அக்கரையைக் காட்டி இந்தக் கதையைச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் மூத்தவர்களிடம் ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: எங்கள் குடும்பம் எந்தக் கரையிலிருந்து இந்த மலைக்கு ஏறி வந்தது?