குத்துச்சண்டையும் பிரிவும்

1925-ல் பம்பாய் மாகாண அமெச்சூர் குத்துச்சண்டைக் கூட்டமைப்பு தோன்றியபோது, பணத்துக்காக அன்றிப் பதக்கத்துக்கும் பெயருக்குமாக மோதும் அமெச்சூர் முறை இந்தியாவில் முதன்முதலாக ஓர் அமைப்பின்கீழ் வந்தது. 1949-ல் அகில இந்தியக் கூட்டமைப்பு உருவானதும், 1950 மார்ச்சில் முதல் தேசியப் போட்டி பம்பாய் நகரின் பிரபோர்ன் அரங்கிலேயே நடந்தது. வென்றவர் பெயர்களைப் பதிவேடுகள் காத்துவந்திருக்கின்றன. ஆனால் வீரனையும் அவன் மனத்துக்கு இனியவரையும் பிரித்து வைத்த வழக்கத்தின் வரலாற்றை எழுதுவோர் அரிது.

அவ்வழக்கம் மிகப் பழையது. டாரண்டம் நகரத்து இக்கஸ் என்னும் வீரர் பயிற்சிக் காலம் முழுவதும் உடலுறவைத் தவிர்த்ததாகப் பிளேட்டோ தமது ‘சட்டங்கள்’ நூலில் குறிப்பிடுகிறார். மராட்டிய மண்ணின் தாலிம்களில், அதாவது அனுமனை முன்னிறுத்திக் குஸ்தி பழகும் கூடங்களில், விந்துவைக் காப்பதே வலிமையைக் காப்பது என்னும் நம்பிக்கை பிரம்மச்சரியத்தைப் பயிற்சியின் பாதியாகவே ஆக்கியது. வடசென்னையில் சார்பட்டா, இடியப்ப நாயக்கர் முதலிய பரம்பரைகளாக, அதாவது ஒரே வாத்தியார் வழியில் வரும் அணிகளாகப் பிரிந்து ஆடப்பட்ட குத்துச்சண்டையில், தோல்வி தனி ஒருவனுடையதாக இல்லாமல் அணி முழுவதன் மானக்கேடாகவே கருதப்பட்டமையால், வீரனின் வீட்டு வாழ்வும் ஊரார் கண்ணுக்கு உட்பட்டது. 2021-ல் வெளிவந்த ‘சார்பட்டா பரம்பரை’ திரைப்படத்தில் குத்துச்சண்டை வீரனான நாயகனின் மனைவி மாரியம்மாள் காட்டும் கோபத்தை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்த்தால்தான் அதன் நியாயம் விளங்கும்.

உடலியலோ இந்நம்பிக்கைக்கு ஆதரவாக நிற்கவில்லை. முந்தைய இரவின் உறவு மறுநாளைய தசைவலிமையைக் குறைப்பதாக ஆய்வுக்கூடச் சோதனைகள் உறுதிப்படுத்தவில்லை, கெடுப்பது தூக்கமின்மையே. ஆயினும் வழக்கம் தொடர்ந்தது. அதற்குக் காரணம் உடலன்று, அமைப்பு என்பதே சரி. 1961-ல் பாட்டியாலாவில் தேசிய விளையாட்டு நிறுவனம் தொடங்கப்பட்டபின் தேசிய முகாம்கள் வீரர்களை வீட்டிலிருந்து வெகு தொலைவில் நெடுநாள் நிறுத்தின. அவ்வாறு முன்பு விரதமாக இருந்த பிரிவு, பயணச் சீட்டோடு வரும் பிரிவாக மாறிற்று.

தமிழருக்கு இப்பிரிவு புதிதன்று. ஓதலும் பகையும் தூதும் தலைவன் பிரியக் காரணங்களாகும் எனத் தொல்காப்பியம் வகுத்தது. பயிற்சி முகாமை இவற்றுள் ஓதலில் அடக்கிவிடலாம். திருநெல்வேலிச் சீமையிலிருந்து பம்பாயின் தாராவிக்குப் பிழைக்க வந்த ஆடவர்களும் மனைவியரை ஊரில் விட்டு, மணியார்டராலும் உள்நாட்டுக் கடிதத்தாலும் குடும்பம் நடத்தியவர்களே. 1993-ல் துறைமுக ரயில் பாதை நவி மும்பையின் நெருளை எட்டியபின், செம்பூர், மாட்டுங்கா பக்கத்திலிருந்து அங்குக் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளுக்குக் கடிதத்தின் இடத்தைக் கைபேசி எடுத்துக்கொண்டது. விடியலில் ஓட்டம், பகலில் கல்லூரி அல்லது வேலை, மாலையில் கையில் துணிப்பட்டை சுற்றி மணல்மூட்டையைக் குத்துதல் என்று நாள் கழியும் இளைஞனுக்கு, வெளியூரிலிருக்கும் காதலியோடு பேச இரவு மட்டுமே மிஞ்சுகிறது. மறுநாள் எடை பார்க்கும் தராசில் ஏறவேண்டியவன், எடைப்பிரிவு தவறாதிருக்க இரவுணவைத் துறந்து, பசியோடு தொலைபேசியில் நெடுநேரம் விழித்திருப்பது அவ்விரவின் பேச்சுக்கும் நல்லதன்று, ஆட்டத்துக்கும் நல்லதன்று. பழைய விரதத்தை விட இந்த விழிப்பே வீரனை அதிகம் தளர்த்துகிறது.

உறவும் குடும்பமும் வீரத்தைக் குலைக்கும் என்று ஆண்களை முன்வைத்தே பேசிவந்த நம்பிக்கையை ஒரு பெண் உடைத்தார். மணிப்பூரின் மேரி கோம், டெல்லியில் சட்டம் பயின்ற தம் மாநிலத்தவரான ஓன்லரோடு சில ஆண்டுகள் பழகி, பயிற்சி முகாம்களுக்கு இடையே அந்த உறவைப் பேணி, 2005-ல் மணந்தபோது, இனி அவர் ஆட்டம் முடிந்தது என்று பலர் கருதினர். அவரோ 2006-ல் உலகப் பட்டம் வென்றார்; 2007-ல் இரட்டைக் குழந்தைகளுக்குத் தாயானபின்னும் 2008, 2010, 2018 ஆகிய ஆண்டுகளில் அப்பட்டத்தை வென்றார். 2012-ல் இலண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் பெற்றார்.