திருபுவனை வரதராசப் பெருமாள் கோயில்

புதுச்சேரி–விழுப்புரம் சாலையில் அரியூருக்கு மேற்கே உள்ள சோழர் கால வைணவக் கற்றளி. முதலாம் பராந்தகன் (907–955) காலத்தைச் சேர்ந்தது. வீரநாராயண விண்ணகர் எனப்பட்டது. ஊரின் பழம்பெயர் திரிபுவனமாதேவிச் சதுர்வேதிமங்கலம். சபை நிர்வகித்த பிரமதேயம் (பிராமணர்களுக்கு அளிக்கப்பட்ட ஊர்).

இங்குள்ள கல்வெட்டுகளில் முதலாம் இராசாதிராசனின் 30ஆம் ஆட்சியாண்டுச் (1048) சாசனமே முதன்மையானது. ஊரில் இயங்கிய வேதக் கல்லூரியில் 12 ஆசிரியர்களும் 260 மாணவர்களும் இருந்ததை இது தெரிவிக்கிறது. மாணவர்களில் 190 பேர் வேதமும் 70 பேர் சாத்திரமும் பயின்றோர். இலக்கணம், வேதாந்தம், மனுநூல், வைகானசம் ஆகியவையும் கற்பிக்கப்பட்டன. செலவுக்கு 72 வேலி நிலம் விடப்பட்டது, நெல்லே ஊதியம். ஆசிரியருக்கும் மாணவருக்கும் ஊர் வாரியப் (நிர்வாகக் குழு) பணியிலிருந்து விலக்குத் தந்தது தனித்துக் கவனிக்கத்தக்கது. அருகிலுள்ள பாகூரிலும் 9ஆம் நூற்றாண்டிலேயே வித்தியாஸ்தானம் (கல்விக்கூடம்) ஒன்று இருந்ததை நிருபதுங்கவர்மப் பல்லவனின் செப்பேடு காட்டுகிறது.