நகர இயற்கையும் தானியங்கி எந்திரங்களும்

மனிதர் உடனிருந்து இயக்காமல் தாமாகவே வேலை செய்யும் ரோபோ, ட்ரோன், ஓட்டுநர் இல்லாத கார், கண்காணிப்புக் கருவி போன்றவை நகரத்துத் தாவரங்கள், பறவைகள், விலங்குகள், நீர்நிலைகள் ஆகியவற்றுக்கு விளைவிக்கும் நன்மை தீமைகளை ஆராய்வது சூழலியலின் இளைய கிளைகளில் ஒன்று. இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 35 நாடுகளைச் சேர்ந்த 170 வல்லுநர்களிடம் கருத்துத் திரட்டி, 2021 ஜனவரியில் ‘நேச்சர் எக்காலஜி அண்ட் எவல்யூஷன்’ இதழில் வெளியிட்ட கட்டுரை இத்துறைக்கு ஒரு தொடக்கப் பட்டியலைத் தந்தது. அப்பட்டியல் பெரும்பாலும் வருங்காலத்தைப் பற்றிய கணிப்பு. அளந்து பார்த்த சேதம் என்று கையில் இருப்பது கொஞ்சம்தான். அதில் மிகத் தெளிவானது புல்வெட்டி ரோபோ செய்த சேதம்.

புல்வெட்டி ரோபோவும் முள்ளெலியும்

சுவீடனின் ஹுஸ்க்வார்னா நிறுவனம் 1995இல் சூரிய ஒளியில் ஓடும் புல்வெட்டி ரோபோவைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இன்று ஐரோப்பியப் புறநகர் வீடுகளில் இது சாதாரணப் பொருள். ஏறக்குறைய ஒரு சாண் உயரம். அடியில் வேகமாகச் சுழலும் வட்டு. அதன் விளிம்பில் சவர பிளேடு அளவில் சிறு கத்திகள். பல மாடல்களுக்கு, தோட்டத்தைச் சுற்றிப் புதைத்த கம்பிதான் எல்லை. எதிலாவது முட்டினால் திரும்பி வேறு பக்கம் போகும். சத்தம் மிகக் குறைவு என்பதால் பலர் அதை இரவு முழுக்க ஓடவிடுகிறார்கள். சிக்கல் தொடங்குவது இங்கேதான்.

ஐரோப்பிய முள்ளெலி இருட்டிய பிறகு வண்டும் புழுவும் தேடி வெளியே வரும் பிராணி. வயலோரப் புதர்வேலிகள் அழிந்துவர, வீட்டுத் தோட்டங்கள் அதற்கு முக்கியப் புகலிடமாகிவிட்டன. தென் தமிழ்நாட்டின் வறண்ட புதர்க்காடுகளில் உள்ள முள்ளெலி வேறு இனம். ஆனால் பழக்கம் ஒன்றுதான். ஆபத்து வந்தால் ஓடுவதைவிட, இருந்த இடத்திலேயே உடலைச் சுருட்டி முள்ளை விறைத்துக்கொள்வதே அதன் வழக்கம். நரியிடம் செல்லுபடியாகும் இந்த உத்தி கத்தியிடம் செல்லாது.

டென்மார்க் உயிரியலாளர் சோஃபி லுண்ட் ராஸ்முசன் குழுவினர், ஏற்கெனவே இறந்துபோன முள்ளெலிகளின் உடல்களைப் புல்லில் வைத்து 18 மாடல்களைச் சோதித்து 2021இல் முடிவை வெளியிட்டனர். எல்லா மாடல்களும் உடலில் மோதிய பிறகே தடை இருப்பதை உணர்ந்தன. தாயைச் சார்ந்திருக்கும் பருவத்துக் குட்டிகளை எந்த மாடலும் உணரவில்லை. ஆனால் சேதம் எல்லா மாடல்களிலும் ஒரே அளவாக இல்லை. மோதினால் மடங்கிக்கொள்ளும் கத்தியும், அடியில் காப்புத் தட்டும், முன்சக்கர இயக்கமும் கொண்டவை குறைவாகவே காயப்படுத்தின. எனவே இந்தத் தீங்கின் ஒரு பகுதி வடிவமைப்புக் கட்டத்திலேயே தவிர்க்கக்கூடியது. அதே குழு, மாடல்களைச் சோதிப்பதற்கென்றே முள்ளெலி வடிவப் பொம்மைகளையும் பின்னர் உருவாக்கியது.

பெர்லினில் உள்ள லைப்னிட்ஸ் வனவிலங்கு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஆன் பெர்கர் குழுவினர், 2022 ஜூன் முதல் 2023 செப்டம்பர் வரை ஜெர்மனியில் வெட்டுக்காயத்துடன் கண்டெடுக்கப்பட்ட 370 முள்ளெலிகளைப் பதிவு செய்தனர். அவற்றில் ஏறத்தாழப் பாதி பிழைக்கவில்லை. கண்ணில் பட்டவை மட்டுமே இந்தக் கணக்கில் உள்ளன; காயத்தோடு புதருக்குள் போய் ஒளிந்தவை இதில் இல்லை. 2024 அக்டோபரில் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் இந்த இனத்தை ‘அச்சுறு நிலையை அண்மித்த இனம்’ என்ற வகைக்கு மாற்றியது. இந்தச் சரிவுக்கு வாழிட அழிவு, சாலை விபத்து, பூச்சிக்கொல்லி என்று காரணங்கள் பல. முழுப் பழியையும் ரோபோ மீது போடுவது நியாயமில்லை.

அதிகம் பேசப்படாத பாதிப்பு ஒன்றும் உண்டு. ரோபோ அன்றாடம் ஓடும் தோட்டத்தில் புல் விரலளவுக்கு மேல் எழுவதே இல்லை. தானாக முளைக்கும் சிறு செடிகள் பூக்க முடியாமல் போகும்போது தேனீக்கு அங்கே ஒன்றும் கிடைப்பதில்லை.

வானில்

2021 மே மாதம் கலிபோர்னியாவின் ஹண்டிங்டன் பீச் நகரையொட்டிய போல்சா சிக்கா சதுப்புநிலத்தில், ஆலா என்னும் பறவைகள் கூட்டமாக முட்டையிட்டிருந்த திட்டின் மீது ஒரு ட்ரோன் விழுந்தது. கொன்றுண்ணிப் பறவை பாய்ந்துவிட்டது என்று அஞ்சியதால் போலும், ஏறத்தாழ 3,000 ஆலாக்கள் பறந்துபோயின. ஆயிரத்துக்கும் மேற்பட்ட முட்டைகள் அடைகாப்பாரின்றிக் கெட்டன. அதே ஆண்டு ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் நிலைமை தலைகீழ்: கூடு காக்கும் காக்கையினப் பறவைகள் விங் நிறுவனத்தின் விநியோக ட்ரோன்களைத் தாக்கியதால், ஒரு புறநகரில் சேவையைச் சிறிது காலம் நிறுத்த வேண்டியதாயிற்று. கொன்றுண்ணியிடம் பறவைகளுக்குள்ள அச்சத்தையே பயன்படுத்திக்கொண்டவர்களும் உண்டு. கனடாவின் எட்மன்டன் விமான நிலையம் 2017இல் வல்லூறு வடிவ ரோபோ பறவையைப் பறக்கவிட்டு, ஓடுபாதைப் பக்கம் வந்த பறவைகளை விரட்டியது.

சாலையில்

ஓட்டுநர் இல்லாத கார்கள் வந்தால் வாகன நிறுத்துமிடங்கள் குறைந்து அங்கே மரம் வளர்க்கலாம் என்பது ஒரு நம்பிக்கை. பயணம் சுகமாகிவிட்டால் மக்கள் இன்னும் தொலைவில் குடியேறி நகரம் காட்டுக்குள் பரவும் என்பது எதிர்க்கணிப்பு. நில விலையைப் பார்த்தால் இரண்டாவதுதான் நடக்கும்போலத் தோன்றுகிறது. விலங்கைக் கண்டறிவதும் எளிதான வேலை அல்ல. சுவீடனின் பெரிய மான்களை வைத்துப் பழக்கப்பட்ட வால்வோ காரின் அமைப்பு, 2017 வாக்கில் ஆஸ்திரேலியாவில் கங்காருவிடம் தடுமாறியது. தரையை வைத்துத் தூரம் கணிக்கும் அதற்கு, துள்ளி மேலே எழுந்த கங்காரு தொலைவிலும் தரையில் இறங்கிய கங்காரு பக்கத்திலும் இருப்பதாகத் தெரிந்ததாம்.

கண்காணிப்பில்

இதுவரை கிடைத்த நன்மை அதிகமும் கண்காணிப்பில்தான். லண்டனின் குயீன் எலிசபெத் ஒலிம்பிக் பூங்காவில் 2017இல் பொருத்தப்பட்ட 15 கருவிகள், வௌவால்களின் மீயொலியைக் கேட்டு இனம் பிரித்தறிந்தன. கோவை மதுக்கரையில் 2021 நவம்பரில் ரயில் மோதி மூன்று யானைகள் இறந்ததைத் தொடர்ந்து, தமிழக வனத்துறை 2024 பிப்ரவரியில் செயற்கை நுண்ணறிவு எச்சரிக்கை அமைப்பைத் தொடங்கியது. 12 கோபுரங்களில் உள்ள கேமராக்கள் தண்டவாளத்தை நெருங்கும் யானையைக் கண்டதும் கட்டுப்பாட்டு அறைக்குத் தகவல் போகும். அங்கிருந்து ரயில் ஓட்டுநர்களுக்கு எச்சரிக்கை செல்லும்.

சட்டம்

எந்திரம் விலங்கைப் பார்க்கக் கற்கும்வரை காத்திருப்பதைவிட, விலங்கு நடமாடும் நேரத்தில் எந்திரத்தை நிறுத்திவைப்பதே எளிய தீர்வு. ஜெர்மனியின் கொலோன் நகரம் 2024இல் இந்த வழியைத் தேர்ந்தது. சூரியன் மறைய அரை மணி நேரம் முன்பிருந்து, உதித்து அரை மணி நேரம் கழியும்வரை அங்கே புல்வெட்டி ரோபோவை ஓட்டக் கூடாது. மீறினால் 50,000 யூரோ வரை அபராதம் விதிக்கலாம்.