உப்புத் தண்ணீர் வழக்கு

பெரிய பாத்திரமாக ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். பிரியாணி போடுகிற அண்டா இருந்தால் ரொம்ப உத்தமம். திண்டுக்கல் வீடுகளில் அது இல்லாமலா இருக்கும்!

முக்கால் அளவு தண்ணீர். உப்பைக் கையால் அள்ளிப் போடுங்கள். ('இவ்வளவா?' என்று வீட்டில் ஒரு குரல் வரும். காதில் வாங்காதீர்கள்.) கடுகு, மல்லி, காய்ந்த மிளகாய், கிராம்பு, பிரியாணி இலை, முழுப் பூண்டு, இரண்டாக வெட்டிய எலுமிச்சை. கொதி வந்ததும் உருளைக்கிழங்கு. கால் மணி நேரம் கழித்து, துண்டு போட்ட மக்காச்சோளம். அதற்கு ஐந்து நிமிடம் போதும். கடைசியில்தான் இறால். ஓட்டோடு! முதுகைக் கத்தரிக்கோலால் கீறி, அந்தக் கறுப்பு நரம்பை மட்டும் உருவி விடுங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் அடுப்பை அணைத்துவிட வேண்டும். ஆங்கில 'சி' மாதிரி வளைந்தால் பதம். 'ஓ' மாதிரி சுருண்டுவிட்டால் ரப்பர்!

அமெரிக்காவின் தென்கோடி லூசியானா மாநிலத்தில் இதற்கு 'ஷ்ரிம்ப் பாயில்' என்று பெயர். கூடவே சாஸேஜும் போடுவார்கள். தண்ணீரை வடித்து, செய்தித்தாள் விரித்த மேஜையில் அப்படியே கொட்டி, ஊரே சுற்றி நின்று கையால் உரித்துச் சாப்பிடும். அந்த மசாலாப் பொட்டலத்தைப் பிரித்தால் உள்ளே பாதிக்கு மேல் நம்ம அஞ்சறைப்பெட்டிதான்.

திண்டுக்கல்காரருக்கு இதில் கஷ்டமே இல்லை. பூண்டும் உருளையும் கொடைக்கானல் மலையிலிருந்து இறங்குகின்றன. மக்காச்சோளம் சமவெளியிலேயே விளைகிறது. இறால்? அதற்கு மட்டும் எந்தப் பக்கம் போனாலும் கடல் நூறு கிலோமீட்டருக்கு மேல்.

அதனால் பல தலைமுறைகளுக்கு இந்த ஊருக்குத் தெரிந்த இறால், சந்தையில் கூறு கட்டி விற்ற கருவாடுதான். கத்தரிக்காயோடு குழம்பு வைத்தால் தெருவே மணக்கும். 1875-ல் திருச்சியிலிருந்து திண்டுக்கல் வழியாக மதுரைக்கு ரயில் வந்தது. ஆனால் இறால் ரயில் ஏறினால் மட்டும் போதாதே. ஐஸ் வேண்டும். இறாலைப் போலச் சீக்கிரம் கெட்டுப்போகிற பண்டம் கடலிலேயே கம்மி.

1953-ல் கதை மாறியது. கொச்சியிலிருந்து உறைய வைத்த இறால் அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. அதுவரை பர்மாவுக்கும் இலங்கைக்கும் கருவாடாகப் போய்க்கொண்டிருந்த இறால், டாலர் பார்க்க ஆரம்பித்தது. டாலர் வந்ததும் கடலில் பிடிக்கிற இறால் பத்தவில்லை. 'வளர்த்தால் என்ன?' என்று யோசித்தார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாகப்பட்டினம் கடற்கரை ஓரம் கம்பெனிகள் நிலம் வாங்க ஆரம்பித்தன. நெல் விளைந்த வயல்களும் விலை போயின.

இறால் பண்ணை எப்படி வேலை செய்கிறது? குளம் வெட்டுவார்கள். மோட்டார் வைத்துக் கடல்தண்ணீரை இறைத்து நிரப்புவார்கள். குஞ்சு விட்டுத் தீனி போட்டால் நாலைந்து மாதத்தில் அறுவடை. மிஞ்சிய தீனியும் கழிவும் மருந்தும் கலந்த தண்ணீரை வாய்க்காலில் திறந்துவிடுவார்கள். குளத்து உப்பு மெல்ல மெல்ல மண்ணுக்குள் இறங்கும். பக்கத்து வயல் காயும். ஒருநாள் காலையில் குடிதண்ணீர்க் கிணறு கரிக்கும். நாற்று நடவும் களை எடுக்கவும் கதிர் அறுக்கவும் ஊரே இறங்கிய இடத்தில் இப்போது இரண்டு காவல்காரர்கள் போதும். கூலிக்காரப் பெண்கள் எங்கே போவார்கள்?

இங்கேதான் திண்டுக்கல் சமவெளி கதைக்குள் வருகிறது.

வத்தலக்குண்டு பக்கம் அய்யன்கோட்டை என்றொரு கிராமம். அங்கே நிலமில்லாத தலித் குடும்பத்தில் 1926-ல் பிறந்தவர் கிருஷ்ணம்மாள். கல்லூரி வரை போய்ப் படித்தார். அந்தக் காலத்தில் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள். காந்தி வழியில் இறங்கியவருக்கு அதே வழியில் ஒரு துணை கிடைத்தார். சங்கரலிங்கம் ஜெகந்நாதன். இவர் வசதியான வீட்டுப் பிள்ளை, 1930-லேயே படிப்பை உதறிவிட்டு வந்தவர். சுதந்திரம் வந்த பிறகுதான் கல்யாணம் என்று காத்திருந்து 1950-ல் மணந்துகொண்டார்கள். திண்டுக்கல்லை ஒட்டிய காந்திகிராமத்தோடு இருவருக்கும் நெருங்கிய பந்தம்.

1968 டிசம்பர் 25. கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். இந்தத் தம்பதி கிழக்குத் தஞ்சைக்குப் போனார்கள். 1981-ல் 'லாஃப்டி' என்ற அமைப்பைத் தொடங்கி, நிலம் வைத்திருந்தவர்களோடு பேசி, வங்கிக் கடன் வாங்கி, நிலமில்லாத குடும்பங்களுக்கு, அதுவும் பெண்கள் பெயரில், ஆயிரக்கணக்கான ஏக்கர் வாங்கிக் கொடுத்தார்கள். அப்படி ஏக்கர் ஏக்கராகச் சேர்த்த பூமியின் ஓரத்தில்தான் உப்புத் தண்ணீர் வந்து நின்றது.

ஒரு விஷயம் பாருங்கள். இதே கடற்கரையில்தான் வேதாரண்யம் இருக்கிறது. 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பெடுத்த இடம். 'உப்பு எங்கள் உரிமை' என்று கிளம்பிய காந்தியின் சீடர், அறுபது வருஷம் கழித்து 'எங்கள் வயலுக்கு உப்பு வேண்டாம்' என்று சத்தியாகிரகம் பண்ண வேண்டியதாயிற்று!

ஊர்வலம், உண்ணாவிரதம், மறியல். அது போதாமல் சுப்ரீம் கோர்ட். பதிவேட்டில் பெயரின் கடைசி எழுத்து காணாமல் போய், 'எஸ்.ஜெகந்நாத் எதிர் இந்திய அரசு' என்று ஆனது. சட்டக் கல்லூரிகளில் இன்றும் அந்தப் பெயரில்தான் படிக்கிறார்கள். நாக்பூரின் 'நீரி' ஆய்வு நிறுவனத்தை நேரில் போய்ப் பார்க்கச் சொன்னது கோர்ட். இறால் விற்று வரும் வருமானத்தைவிட, அதனால் ஆகும் நஷ்டம் அதிகம் என்று கணக்கு வந்தது. நடுவில் இயற்கையும் ஒரு சாட்சி சொன்னது. 1994 வாக்கில் நோய் பரவி, குளம் குளமாக இறால் செத்து மிதந்தது.

1996 டிசம்பர் 11. நீதிபதிகள் குல்தீப் சிங், சகீர் அகமது தீர்ப்பு சொன்னார்கள். கடலோர ஒழுங்குமுறைப் பகுதியில் உள்ள பண்ணைகளை 1997 மார்ச் 31-க்குள் இடித்துத் தள்ள வேண்டும். பாரம்பரிய முறையில் வளர்ப்பவர்களுக்கு மட்டும் விலக்கு. விளைநிலத்தைக் குளமாக்கக் கூடாது. கெடுத்தவன் காசு கொடுக்க வேண்டும். வேலை இழக்கும் பண்ணைத் தொழிலாளிகளுக்கு நஷ்டஈடு. அப்போது ஜெகந்நாதனுக்கு வயது 82.

ஜெயித்தாயிற்று இல்லையா? இடிக்கும் நாள் வருவதற்குள் சீராய்வு மனுக்கள் போயின, தடை வந்தது. 2005-ல் நாடாளுமன்றம் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 'இடி' என்ற இடத்தில் 'பதிவு செய்துகொள்' வந்து உட்கார்ந்தது. 2009-லிருந்து வரி இறாலின் இடத்தை வன்னாமி என்ற வெளிநாட்டு ரகம் பிடிக்க ஆரம்பித்தது. 2024-25 கணக்குப்படி நம்ம இறாலை அதிகம் வாங்கியது அமெரிக்காதான். லூசியானாவில் செய்தித்தாள் மேல் கொட்டுகிற இறாலில் நம்ம ஊர்க் குளத்து இறாலும் இருக்கலாம். அங்கத்து மீனவர்கள் வெளிநாட்டு மலிவு இறாலைத் திட்டுவதில் நியாயம் இல்லாமலும் இல்லை.

2008-ல் ஜெகந்நாதன், கிருஷ்ணம்மாள் இருவருக்கும் சேர்த்து 'மாற்று நோபல்' எனப்படும் ரைட் லைவ்லிஹுட் விருது வந்தது. 2013 பிப்ரவரி 12-ல், தன் 98-வது வயதில் ஜெகந்நாதன் மறைந்தார். கிருஷ்ணம்மாளுக்கு 2020-ல் பத்மபூஷண்.

ஞாயிற்றுக்கிழமை திண்டுக்கல் மீன் கடையில் ஐஸ் பெட்டிக்குள் இறால் பார்த்தால், 'அண்ணே, இது கடலா, வளர்ப்பா?' என்று ஒரு வார்த்தை கேளுங்கள். இரண்டுக்கும் ருசி வேறே, விலையும் வேறே. எதுவானாலும் அந்த மூன்று நிமிடக் கணக்கை மட்டும் மறந்துவிடாதீர்கள். அட, பேச்சு சுவாரசியத்தில் அடுப்பை அணைத்தீர்களா, இல்லையா?