யார் கேட்கிறார்கள்? தமிழ் வானொலிப் பாணிகளும் நம் பள்ளி ஒலிபரப்பும்



எங்கள் பள்ளியில் ஓய்வு நேரத்தில் பத்து நிமிடம் மாணவர் ஒலிபரப்பு நடத்துவது என்று முடிவான அன்று, பொறுப்பு என் தலையில் விழுந்தது. ஓர் ஒலிவாங்கியும், அலுவலகச் சுவரிலிருந்து சிற்றுண்டிச்சாலைக்குச் செல்லும் இரண்டு ஒலிபெருக்கிகளுமே எங்கள் வானொலி நிலையம். முதல் வாரத்திற்கான உரைகளை நானே எழுதினேன். ஒவ்வொரு வாக்கியமும் மூன்று வரி நீண்டது. மாணவர்கள் அதைக் கட்டுரைப் போட்டியில் வாசிப்பதுபோல் வாசித்தார்கள். ஒருவரும் கேட்கவில்லை.

இரண்டாம் வாரம் அவர்கள் விருப்பத்திற்கு விட்டேன். தனியார் வானொலி அறிவிப்பாளர்களைப் போலப் பேச முயன்றார்கள். மூச்சு விடாத வேகம், வாக்கியத்திற்கு நான்கு ஆங்கிலச் சொற்கள், காரணமில்லாத சிரிப்பு. சிற்றுண்டிச்சாலை அக்கா என்னிடம் வந்து, "டீச்சர், பிள்ளைங்க என்னா சொல்றாங்கன்னே வெளங்கல. யாரோ சண்ட போடுற மாரி இருக்கு" என்றார். ஒரு தந்தையோ, "தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பியதே நல்ல தமிழ் பேசத்தான்" என்று தலைமையாசிரியரிடம் வருத்தப்பட்டார். இன்னும் ஒரு வாரம் பார்ப்போம், சரிவராவிட்டால் நிறுத்திவிடலாம் என்றார் தலைமையாசிரியர்.

அந்த வார இறுதியில் நான் செய்தது ஒன்றுதான். பழைய தமிழ் வானொலிகளின் நிகழ்ச்சிகள் எப்படி அமைந்திருந்தன, ஏன் அப்படி அமைந்தன என்று ஒப்பிட்டு எழுதிப் பார்த்தேன். அப்போது தெளிந்ததைத்தான் உங்களோடு பகிர விரும்புகிறேன். பாணி அறிவிப்பாளரின் குரலில் தோன்றுவதன்று. கேட்பவர் யார், எங்கே இருக்கிறார், என்ன செய்துகொண்டு கேட்கிறார் என்பதிலிருந்தே அது தோன்றுகிறது.

முதலில் கொழும்பு. இலங்கையில் வானொலி ஒலிபரப்பு 1925ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தென்கிழக்காசியப் படைத்தலைமைக்காக அங்கே ஒரு வானொலி நிலையம் அமைந்தது. போருக்குப் பின் அதன் ஆற்றல் மிக்க சிற்றலை ஒலிபரப்பி இலங்கை வானொலிக்குக் கிடைத்தது. அதனால் அதன் குரல் கடல் தாண்டி இந்தியா முழுவதும் சென்றது. 1950இல் விளம்பரங்களோடு கூடிய வர்த்தக சேவை பிறந்தது. 1952இல் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர், அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களை வெகுவாகக் குறைத்தார். பாடலுக்கு ஏங்கிய நேயர்கள் கொழும்பின் பக்கம் திரும்பினார்கள். இந்திய வானொலி 1957 அக்டோபரில் விவித் பாரதியைத் தொடங்கித்தான் அவர்களைத் திரும்ப அழைக்க வேண்டியிருந்தது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். கொழும்பைக் கேட்டவர்களுக்கு எந்தக் கட்டாயமும் இல்லை. இரைச்சலுக்கிடையே முள்ளைத் திருப்பி, விரும்பித் தேடி வந்த விருந்தினர்கள் அவர்கள். விருந்தினரைப் பெயர் சொல்லி வரவேற்பதுதானே முறை? நேயர்களின் பெயரையும் ஊரையும் வாசிக்கும் விருப்பப் பாடல் நிகழ்ச்சிகள் அங்கே தழைத்ததில் வியப்பில்லை. எஸ்.பி. மயில்வாகனம், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத் போன்ற அறிவிப்பாளர்கள் தமிழகத்து வீடுகளில் உறவினரைப் போல அறியப்பட்டார்கள். அப்துல் ஹமீத் நடத்திய 'பாட்டுக்குப் பாட்டு' எளிய விளையாட்டுதான். கொடுத்த எழுத்தில் தொடங்கும் பாடலைப் பாட வேண்டும். ஆனால் வீட்டில் கேட்டுக்கொண்டிருப்பவரும் மனத்துக்குள் ஒரு பாடலைத் தேடத் தொடங்கிவிடுவார். கேட்பவரைப் பங்கேற்பவராக்கியதே அதன் வெற்றி.

அடுத்தது தமிழகம். அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938 ஜூனிலும் திருச்சி நிலையம் 1939 மேயிலும் தொடங்கின. அரசின் குரல் என்பதால் அங்கே எழுதிச் சரிபார்த்த உரைக்கு முதலிடம். பேச்சு, நாடகம், உரைச்சித்திரம் எல்லாம் கையெழுத்துப் படியாகத் தயாரான பின்பே ஒலிவாங்கிக்குச் சென்றன. இதை வறட்சி என்று சிலர் குறைத்துச் சொல்வதுண்டு. ஆனால் உழவர்களுக்கான ஒலிபரப்பை எண்ணிப் பாருங்கள். விதையின் அளவையோ உரத்தின் அளவையோ தவறாகச் சொன்னால் ஒரு குடும்பத்தின் ஒரு போக விளைச்சலே போய்விடும். அங்கே துல்லியம்தான் அன்பு. 1960களின் நடுவில் தஞ்சைப் பகுதியில் ஏ.டி.டி.27 என்ற புதிய நெல் பரவியபோது, வானொலி வழியாகவே அதைப் பற்றி அறிந்த உழவர்கள் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயரிட்டார்கள். ஒரு ஒலிபரப்புக்கு இதைவிடப் பெரிய விருது உண்டா?

அந்த வேளாண் ஒலிபரப்பிலிருந்து வந்தவர்தான் தென்கச்சி கோ. சுவாமிநாதன். சென்னை வானொலியில் அவர் வழங்கிய 'இன்று ஒரு தகவல்' சில நிமிடங்களே நீளும். திண்ணையில் உட்கார்ந்து பேசும் தொனி, ஒரு செய்தி, அதற்கு ஒரு கதை, முடிவில் சிரிக்க வைக்கும் ஒரு துணுக்கு. எழுதி வாசித்தது என்று தோன்றாதபடி வாசிப்பதும் ஒரு பயிற்சியே என்பதை அவரிடம் கற்கலாம். அவர் 2009இல் மறைந்தார்.

மூன்றாவது இலண்டன். பி.பி.சி.யின் தமிழ் ஒலிபரப்பு 1941 மே மாதம் போர்க்காலத்தில் ஒரு செய்தி மடலாகத் தொடங்கியது. பின்னாளில் அதற்குத் 'தமிழோசை' என்று பெயர் சூட்டியவர் இலங்கையைச் சேர்ந்த சோ. சிவபாதசுந்தரம். இவர் 'ஒலிபரப்புக் கலை' என்ற நூலையும் தமிழுக்குத் தந்தவர். ஆயிரக்கணக்கான கல் தொலைவிலிருந்து வரும் சிற்றலை ஒலி ஏறும், இறங்கும், சில நேரம் மறைந்தே போகும். ஒரு சொல் காற்றில் கரைந்தாலும் பொருள் கெடாதிருக்க வேண்டுமானால் வாக்கியம் சிறிதாகவும் உச்சரிப்புத் தெளிவாகவும் இருக்க வேண்டும். 2017 ஏப்ரல் இறுதியில் அந்த வானொலிச் சேவை நின்றது. அதன் நிதானத்தை இன்றும் பலர் நினைவுகூர்கிறார்கள்.

இனி நம் மண்ணுக்கு வருவோம். ரேடியோ மலாயா 1946 ஏப்ரல் முதல் நாள் சிங்கப்பூரைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கியது. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் புதுக்கிராமங்களிலும் தோட்டங்களிலும் பொதுமக்கள் கூடிக் கேட்பதற்கென வானொலிப் பெட்டிகள் வைக்கப்பட்டன. அரசின் நோக்கம் அரசியல் சார்ந்ததுதான். ஆனால் பால்மரம் சீவி வந்த களைப்போடு மாலையில் கூடிய மக்களுக்கு அது பாட்டும் நாடகமும் தந்த பெட்டி. ஒருவர் காதுக்காக அன்றி ஒரு கூட்டத்தின் காதுக்காகப் பேசிய வானொலி அது. குழந்தை அழும், பக்கத்தில் இருவர் பேசிக்கொண்டிருப்பார்கள். அந்தச் சத்தத்தைத் தாண்டித்தான் நிகழ்ச்சி போய்ச் சேர வேண்டும்.

1959ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் சிங்கப்பூரும் மலாயாவும் வானொலியில் தனித்தனியே பிரிந்தன. சிங்கப்பூர் வானொலியில் பணியாற்றிய எழுத்தாளர் பி. கிருஷ்ணன் எழுதிய 'அடுக்கு வீட்டு அண்ணாசாமி' என்ற நகைச்சுவைத் தொடர் நாடகம் 1969, 1970ஆம் ஆண்டுகளில் ஒலியேறியது. கம்பத்து வீடுகளை விட்டு அடுக்குமாடி வீடுகளுக்கு மக்கள் குடிபெயர்ந்துகொண்டிருந்த காலம் அது. கேட்பவரின் மாடிப்படியும் அண்டை வீடுமே கதைக்களமாயின. எங்கள் பக்கத்தில், நாவலாசிரியர் ரெ. கார்த்திகேசு மலேசிய வானொலியில் பணியாற்றிய பின்னரே பல்கலைக்கழகத்தில் தகவல்துறைப் பேராசிரியரானார். இவ்விரு நாடுகளிலும் இலக்கியமும் வானொலியும் ஒரே வீட்டில் வளர்ந்த பிள்ளைகள் என்றே சொல்ல வேண்டும். 2005 முதல் மின்னல் எஃப்.எம். என்ற பெயரில் ஒலிக்கும் அரசு வானொலி அந்த மரபின் தொடர்ச்சியே.

இவற்றை ஒரு தாளில் வரிசையாக எழுதியபோது என் பிழை எனக்கே தெரிந்தது. முதல் வாரம் நான் தேர்வுத்தாள் திருத்துபவருக்காக எழுதினேன். இரண்டாம் வாரம் பிள்ளைகள் யாருக்காகவும் பேசவில்லை, வேறொருவரின் குரலை அணிந்துகொண்டார்கள். சிற்றுண்டிச்சாலையில் மீ கோரேங் தின்றுகொண்டிருக்கும் எழுபது பிள்ளைகளை இரண்டு வாரமும் ஒருவரும் நினைக்கவில்லை. கூட்டம், தட்டுச் சத்தம், பசி, பத்தே நிமிடம். இவைதான் எங்கள் நேயரின் நிலை.

எனவே பத்து நிமிடத்தை இப்படிப் பிரித்தோம்.

முதல் நிமிடம் வரவேற்பு. அன்று பிறந்தநாள் காணும் மாணவரின் பெயர் கட்டாயம் இடம்பெறும். இது கொழும்பு தந்த பாடம்.

அடுத்த இரண்டு நிமிடம் பள்ளிச் செய்தி. எழுதி, ஆசிரியர் சரிபார்த்த பின்பே வாசிக்க வேண்டும். ஒரு வாக்கியத்தில் எட்டுச் சொல்லுக்கு மேல் கூடாது. தேதியும் நேரமும் இருமுறை சொல்லப்பட வேண்டும். இது சென்னையும் இலண்டனும் தந்த பாடம்.

அடுத்த மூன்று நிமிடம் சொல்லுக்குச் சொல். ஓர் எழுத்தைக் கொடுத்து, ஒவ்வொரு மேசையும் ஒரு சொல் சொல்ல வேண்டும்.

அடுத்த மூன்று நிமிடம் தொடர் நாடகம். கதைக்களம் எங்கள் பள்ளியேதான். கதைமாந்தர் பேச்சு வழக்கில் பேசலாம், கதை சொல்பவர் எழுத்து வழக்கில் பேச வேண்டும். எந்தத் தமிழ் எங்கே பொருந்தும் என்பதைப் பிள்ளைகள் இதில் தாமாகவே உணர்கிறார்கள்.

கடைசி ஒரு நிமிடம் ஒரு தகவல், ஒரு சிரிப்பு.

ஐந்தாம் ஆண்டில் ஒரு மாணவி இருக்கிறாள். வகுப்பில் கேட்டால் தலையைக் குனிந்துகொள்வாள். வாசிப்புத் தேர்வில் அவள் குரல் என் மேசையைத் தாண்டாது. அவளிடம் ஒலிவாங்கியைக் கொடுக்க மற்ற ஆசிரியர்கள் தயங்கினார்கள், நானும் தயங்கினேன். "கூட்டத்துக்குப் பேசாதே. முதலாம் ஆண்டில் படிக்கும் உன் தம்பிக்கு மட்டும் சொல்" என்றேன். மறுநாள் அவள் மெதுவாகத்தான் வாசித்தாள். ஒரு சொல்லில் தடுக்கி நின்றாள், திரும்பச் சொன்னாள். ஆனால் அவள் தம்பி தட்டை வைத்துவிட்டு ஒலிபெருக்கியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவனைப் பார்த்து அந்த மேசையே அமைதியானது. சிற்றுண்டிச்சாலை அக்காவும் கரண்டியை நிறுத்திவிட்டு, "இது யாரு பிள்ள டீச்சர்? நல்லா வெளங்குது" என்றார்.

தலைமையாசிரியர் ஒலிபரப்பை நிறுத்தவில்லை. குறைகள் இன்னும் உள்ளன. சில நாள் ஒலிவாங்கி இரைகிறது, சில நாள் நாடகம் பாதியில் மணி அடித்துவிடுகிறது. இருந்தாலும் இப்போது எழுதத் தொடங்கும் முன் பிள்ளைகளே ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறார்கள், "இத யாரு கேக்கப் போறாங்க?" என்று.

உங்கள் பள்ளியிலோ வீட்டிலோ இத்தகைய நிகழ்ச்சி ஒன்றைத் தொடங்க எண்ணினால், இன்று புகழோடு ஒலிக்கும் ஒரு பாணியை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். மூன்று நான்கு பாணிகளைக் கேட்டு, ஒவ்வொன்றும் யாருக்காகப் பிறந்தது என்று மாணவர்களோடு பேசிப் பாருங்கள். பிறகு உங்கள் நேயர் யார் என்று முதல் வரியில் எழுதிவிட்டுத் தொடங்குங்கள். பெற்றோர்களே, உங்கள் வீட்டுத் தாத்தா பாட்டி தோட்டத்தில் எந்த நிகழ்ச்சியை விரும்பிக் கேட்டார்கள் என்று இன்றிரவே பிள்ளைகளைக் கேட்கச் சொல்லுங்கள். அதுவும் நம் வரலாறுதான்.